பாதையைப் பார்த்து நின்றவர்கள்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்து கோடு தாண்டி இறங்கி ஓடும், பிழையும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேரில் சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட வருஷம், பண்ணையாரின் களத்தில் வரிசையாக நின்று கதிர் அடித்துக்கொண்டிருந்தோம். நெல் குவிகிற பக்கம் முகம், பாதைப் பக்கம் முதுகு. எப்போதும் அப்படித்தான் நிற்போம். பண்ணையார் வெளியூரிலிருந்து கூட்டி வந்த ஆட்கள் தடியோடு பின்னாலிருந்து வந்தார்கள். கதிர் அடிக்கும் சத்தத்தில் காலடி கேட்கவில்லை. முதல் அடி விழுந்தது பக்கத்து ஆள் மேல். கதிர்தான் விழுகிறது என்று நினைத்து நான் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்தது என் தோளில்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எலும்பு கூடிவிட்டது. தாசில்தார் முன்னிலையில் பேசிக் கூலியும் முடிவானது. மறு வருஷம் எல்லோரும் களத்துக்குப் போனார்கள். நான் போகவில்லை. கதிர் விழும் சத்தம் எங்கள் தெருவரை கேட்கும். கேட்டதும் வியர்த்துக் கொட்டும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். தோள் வலி என்று சொல்லி வைத்தேன். மனைவி மட்டும் அறுப்புக்குப் போனாள். அவள் கொண்டுவந்த நெல் ஆடி வரைக்கும்கூட வரவில்லை. பிள்ளைகளுக்கு ஒருவேளைக் கஞ்சியானது.

அடுத்த தையில் அவள் சொன்னாள்: "தோளு வலி இல்லன்னு எனக்குத் தெரியுங்க. அடிக்க வேணாம். கட்டு மட்டும் தூக்கியாந்து போடுங்க."

வயலிலிருந்து கட்டைச் சுமந்து களத்து ஓரத்தில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடுவேன். சில நாள் கழித்து அங்கேயே நின்று வைக்கோல் உதறினேன். ஒருநாள் காலை அவள் என் கையில் கதிரைக் கொடுத்தாள். வரிசையில் நிற்க முடியவில்லை. குவியலுக்கு மறுபக்கம் போய், பாதையைப் பார்த்தபடி தனியாக நின்று அடித்தேன்.

அவள் அண்ணன், என் மச்சான், சும்மா விடவில்லை. "மாப்ள இன்ஸ்பெக்டரு மாதிரி எதுத்தாப்புல நிக்கிறாரு. யாராச்சும் வந்தா ஒரு கொரல் குடுங்க மாப்ள, எனக்கு ஓட நேரம் வேணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுத்த கதிரை எடுத்தேன்.

வெயில் ஏறியதும் அவரே தன் கதிரைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு கட்டை அடித்து முடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் அன்னைக்கிலேருந்து முதுகு குறுகுறுன்னுதான் இருக்கு. சொல்ல வெக்கம்."

அன்று முதலில் அடி வாங்கிய பக்கத்து ஆள் அவர்தான். அவருக்கும் அப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு பேர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். யாரும் காரணம் கேட்கவில்லை.

இப்போதும் பின்னாலிருந்து கூப்பிட்டால் திடுக்கிடுகிறேன். அது போகவில்லை. ஆனால் அதன்பின் ஒரு அறுவடையும் விட்டதில்லை. இன்று காலை மச்சானும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். பாதையில் ஒரு சைக்கிள் வந்தது. யாரென்று பார்த்தோம், மறுபடி அடித்தோம்.

1983 பிப்ரவரி 12, சனிக்கிழமை.