காகிதத்தில் போட்டபடியே வந்த குரங்குகள்

போன வருடம் டிசம்பர் கடைசி நாள் காலை, திருத்தணி மலைப்படியில்தான் அந்த யோசனை எனக்கு வந்தது. அன்று படித்திருவிழா. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, ஒரு பாட்டுப் பாடிவிட்டு அடுத்த படிக்குப் போகிறவர்களின் பின்னால் நானும் ஏறிக்கொண்டிருந்தேன். வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள், மலைக்கும் முந்நூற்று அறுபத்தைந்து படி. எங்கள் ஊரில் இது கைக்குழந்தைக்கும் தெரியும். பாடுகிறவர்களின் தலைக்கு மேலே, கைப்பிடிச் சுவரில் ஒரு பெண் குரங்கு உட்கார்ந்து, தன்னுடைய பாதிக் காதைச் சொறிந்தபடி கூட்டத்தை வேடிக்கை பார்த்தது. நாளுக்கு ஒரு படி என்று நோட்டுப் போட்டு, இந்த மலையில் இருக்கும் உயிர்களை ஒரு வருடம் எழுதிப் பார்த்தால் என்ன என்று அந்த நிமிஷம் தோன்றியது.

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். பி.யூ.சி. முடித்துவிட்டு, காலையில் அரக்கோணத்துக்கு ரயிலில் போய் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்த எனக்கு மதியத்துக்கு மேல் வேலை கிடையாது. பாதி மலையில், இளைப்பாறும் மண்டபத்துக்குப் பக்கத்தில் எங்கள் நைனாவுக்குத் தேங்காய், பழக்கடை. அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் தினமும் ஏறுவேன். கடையில் காவல் இருப்பது ஜிம்மி, எங்கள் நாய். காவல் என்பது பேருக்குத்தான். மதியமானால் மண்டபத்தில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். அரைக்காது (அந்தக் குரங்குக்கு நான் வைத்த பெயர்) இறங்கி வந்து, அதன் கழுத்து மயிரை விலக்கி ஒவ்வொரு உண்ணியாகப் பிடுங்கும். ஜிம்மி கண்ணை மூடிக்கொண்டு சுகமாக முனகும்.

தை மாதக் குளிரில் அத்தனை குரங்குகளும் கிழக்குப் பாறையில் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு வெயிலுக்குக் காத்திருந்தன. பங்குனியில் அரைக்காதின் வயிற்றில் கறுப்பாக ஒரு குட்டி தொங்கியது. அக்னி நட்சத்திரத்தில் பாறை சுட்டபோது, ஒழுகும் குழாயடியில் முறை வைத்தாற்போல் வந்து நீர் குடித்தன. ஆனியில் வேப்பம்பழத்துக்குக் கிளிகளோடு சண்டை. ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடிகள் மலையை மூடியபோது ஒன்றையும் காணோம். மூன்று நாள் கழித்து வந்து, உதிர்ந்து கிடந்த சாமந்தியை உட்கார்ந்து தின்றன. மொத்தம் இருபத்து மூன்று. ஒவ்வொன்றையும் முகம் பார்த்துச் சொல்வேன்.

புரட்டாசியில் வினை வந்தது. வெளியூர் அம்மா ஒருவர் ஒரு பெரிய ஆண் குரங்குக்குக் கையில் வைத்துப் பழம் நீட்டினார். அது வாங்கித் தின்றது. இன்னொன்று கேட்டது. அவர் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அது பையைப் பிடித்து இழுக்க, அவர் நான்கு படி உருண்டு கையை முறித்துக்கொண்டார். பாவம், அவர் அழுததை நானும் பார்த்தேன். ஆனால் அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குரங்குகளைப் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும் என்று படிக்கடைக்காரர்கள் எல்லோரும் மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது கையெழுத்து எங்கள் நைனாவுடையது.

"ஆஞ்சநேயருக்குப் போடுங்கன்னு சொல்லி நீயே பழம் விக்கிற. அப்புறம் நீயே புடிச்சுக்கினு போங்கன்னு எழுதிக் குடுக்கிறியா?" என்று கேட்டேன்.

"ஆங், நான் விக்கலன்னா அடுத்த கடைக்காரன் விப்பான். நாளைக்கு ஒரு கொழந்த உருண்டு வந்தா நீயா பதில் சொல்லுவ?"

"கையில குடுத்துப் பழக்கினது நாமதான் நைனா."

"உனுக்கு அதுங்கதான் சொந்தம்னா, போய் அதுங்களோடயே குந்திக்கினு துன்னு, போ!"

கோபத்தில் நானும் ஒரு மனு தயாரித்தேன். வெறும் புலம்பலாக இருந்தால் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும் என்று, என் நோட்டையே அத்தாட்சியாக வைத்தேன். எத்தனை குரங்குகள், எந்த மாதம் எங்கே இருக்கும், எத்தனை மணிக்குப் படிக்கு வரும், எப்போது மலையின் பின்பக்கம் போய்விடும் என்று எல்லாவற்றையும் எழுதினேன். அந்த நேரங்களில் மட்டும் பழம் விற்காமல் இருந்தால் போதும், பின்பக்கப் பாறையில் உணவு வைத்தால் அவை படிக்கே வராது என்று விளக்கி, படம் வேறு வரைந்தேன். டைப்ரைட்டிங் வகுப்பில் கெஞ்சி, தமிழ் மெஷினில் நானே அடித்தேன். அந்த மெஷினில் 'ம' மட்டும் வரியை விட்டு ஒரு நூல் மேலே எம்பி நிற்கும். மூன்று பக்கம்.

மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் கோயில் ஆபீஸ் அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். எங்கள் தெருவில் எவரும் அந்த அறையில் உட்கார்ந்ததில்லை. மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். "மழை நாள்ல மத்தியானம் மூணு மணிக்கெல்லாம் மொத்தக் கூட்டமும் மண்டபத்துக்கு வந்துடுமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க சார். மலையில நனையாத எடம் அது ஒண்ணுதான். யாரையும் ஒண்ணும் பண்ணாதுங்க. சும்மா ஒடுங்கிக்கினு இருக்கும்."

"அடேங்கப்பா! எங்க ஆபீஸ்ல ஒருத்தனும் இவ்ளோ வெவரமா எழுத மாட்டாம்மா. இத நான் வெச்சுக்கிறேன்."

படியிறங்கி வீட்டுக்கு வரும்வரை என் கால் தரையில் படவில்லை. நைனாவிடம் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக் காட்டினேன்.

ஐப்பசி அடைமழை. என் நோட்டில் அது முந்நூற்று ஒன்றாவது படி. ரயில் தாமதமாகி, நான் சாப்பாட்டுத் தூக்கோடு ஏறும்போது மணி நாலாகிவிட்டது. மண்டபத்தை நெருங்கும்போதே கற்பூர வாசனை வந்தது. ஏதோ பூஜை என்று நினைத்தேன்.

பூஜைதான். மண்டபத்துக்குள் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் கூண்டு. அதன் கதவுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். முன்னால் தேங்காய் உடைத்து, கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே நனைந்த குரங்குகள், ஒன்றின் மேல் ஒன்றாக. கடைக்காரர்கள் வரிசையாக வந்து, கூண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதப்பா ஆஞ்சநேயா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிடிப்பதும் இவர்கள், கும்பிடுவதும் இவர்கள்! மழைக்கு ஒதுங்க வந்த மனிதர்களை இப்படிக் கூண்டில் போட்டால் ஊர் சும்மா இருக்குமா?

அரைக்காது கம்பியோரம் இருந்தது. குட்டி அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பிடிக்க வந்தவர் ஆந்திரப் பக்கத்து ஆள். நான் போட்ட சத்தத்தில் அவர் பயந்தே போனார். "மழைக்கு ஒண்டினதப் புடிச்சிருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

"எங்கிட்ட கத்தி இன்னா பிரயோசனம் அம்மாயி? குட்டிதான் வேர்க்கடலைக்கு ஆசப்பட்டு உள்ள போச்சு. இந்தத் தாயி வெளியிலதான் இருந்துச்சு. கதவு வுழற சமயத்துல தானே உள்ள பாஞ்சுடுச்சு. நான் தொறத்தல." பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிற நினைப்பில், சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். "நான் எத்தினியோ ஊர்ல புடிச்சுக்கிறேன். ஒரு வாரம் காத்துக்கினு கெடக்கணும். இங்க காயிதத்துல போட்ட மாதிரியே மூணு மணிக்கு வந்து நின்னுச்சுங்க. ஒண்ணுகூட லேட் இல்ல. யாரு எழுதினாங்களோ, கெட்டிக்காரங்க!"

காகிதத்தில் 'ம' எல்லாம் வரியை விட்டு ஒரு நூல் மேலே எம்பி நின்றது.

நான் வரைந்த படத்தில், மண்டபத்தைச் சுற்றி யாரோ சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். என் கையிலிருந்த தூக்கு எப்போது கீழே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. சோறெல்லாம் படியில் உருண்டது. கூண்டுக்குள்ளிருந்து ஒரு குரங்கு கையை நீட்டி, எட்டின பருக்கையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

மறுநாள் அந்த அதிகாரியிடம் போய்க் கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "உன் பேப்பர்தாம்மா ரொம்ப ஒத்தாசையா இருந்துச்சு. ஒரே நாள்ல வேல முடிஞ்சுது. அடிபடல, சாகல. நல்லதுதான?" என்றார். எங்கே விட்டீர்கள் என்றேன். "நகரி மலைப் பக்கம்" என்றார். நகரியில் எங்கே? அவருக்குத் தெரியவில்லை. குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை. லாரியில் போனவரோ ஏதோ ஒரு வளைவில் இறக்கிவிட்டதாகச் சொன்னார். எத்தனை மணிக்கு, எந்தத் தூணுக்குப் பக்கத்தில் பிடிக்கலாம் என்பதற்கு மூன்று பக்கம் காகிதம் இருக்கிறது. விட்ட இடத்துக்கு அரை வரி கிடையாது. எனக்கு ரத்தம் கொதிப்பது இதை நினைத்துத்தான்.

நல்லதைத்தானே செய்தாய், நீ என்ன பண்ணுவாய் என்று தோழிகள் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். அதிகாரி என்னை உட்கார வைத்ததும் எனக்கு மயக்கம் வந்துவிட்டது. அவர் மூன்று மணியைப் பற்றி மட்டும் கேட்டாரே, பின்பக்கப் பாறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பாராட்டு அப்படிக் காதை அடைத்துவிட்டது.

இப்போது மலையேறுகிறவர்கள் நைனாவிடம் பழம் வாங்கிக்கொண்டு, "கொரங்குங்க எங்கங்க, ஒண்ணையும் காணோம்?" என்று கேட்கிறார்கள். அவர் ஜிம்மியைப் பார்க்கிறார். ஜிம்மி மதியமானால் மண்டபத்துக்குப் போய், கழுத்தைக் காட்டிக்கொண்டு படுக்கிறது. வெகுநேரம் அப்படியே படுத்திருந்துவிட்டு எழுந்து வருகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நகரிக்குப் பஸ் ஏறப்போகிறேன் என்று நேற்று வீட்டில் சொன்னேன். நைனா நிமிராமல் தேங்காய்க் குடுமியைச் சீவிக்கொண்டே, "மொத பஸ்ஸா? எத்தினி மணிக்கு?" என்றார். பிறகு, "நானும் வரேன். அந்தத் தாயோட மூஞ்சி எனுக்கும் தெரியும்" என்றார்.

நோட்டில் இன்னும் நாற்பத்தோரு படி காலியாக இருக்கிறது. அரைக்காதைப் பார்த்துவிட்டால் தேதி எழுதுவேன், குட்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று எழுதுவேன். எந்த மலை, எந்த மரம், எத்தனை மணி என்று மட்டும் என் கை இனி எழுதாது. ஓர் உயிர் எங்கே ஒண்டுகிறது என்று தெரிந்துவைத்திருப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை முந்நூற்று ஒன்றாவது படியில்தான் படித்தேன்.