மூன்றாம் பரிசுக்குக் குறிவைத்தவர்

“என் வீட்டுல இருக்கற ஒரு கரண்டிகூட நான் காசு குடுத்து வாங்கினதில்ல. இனிமேலும் வாங்கப்போறதில்ல. எனக்கு வேணுங்கறதை அனுப்பிவைக்கத்தான் உலகத்துல இத்தனை கம்பெனி நடக்குது.”

மீட்டர்காரர் இப்படி முழங்கியது, மைத்துனருடைய புது அடுக்ககத்தில், புது சோபாவின் எதிரில் நின்றுகொண்டு. மைத்துனர் டைல்ஸ் வியாபாரி. சோபாவின் விலையை அன்று மாலை மூன்று முறை சொல்லியிருந்தார். நான்காம் முறை சொல்ல வாயெடுத்தபோதுதான் மீட்டர்காரர் எழுந்து நின்று மேற்படி பிரகடனத்தை வெளியிட்டார். பதினொரு பேர் கேட்டார்கள். சோபாவின் விலை அதன்பிறகு பேச்சில் வரவே இல்லை.

அவர் சொன்னது வெறும் ஜம்பம் என்று நினைத்துவிடக் கூடாது. மின்சார அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுப்பது அவருக்குச் சம்பளம் தரும் வேலை. பரிசுப் போட்டிகளில் கலந்துகொள்வதுதான் உண்மையான உத்தியோகம். இருபத்திரண்டு வருட சர்வீஸ். அதற்கான சான்று அந்த வீட்டுக் கூடத்தில் நுழைந்தவுடனே கண்ணில் குத்தும். சுவர்க் கடிகாரம் பற்பசைக் கம்பெனியுடையது; எண்களுக்குப் பதில் பன்னிரண்டு பற்கள் இருக்கும், மணி எட்டாகும்போது முள் ஒரு கடைவாய்ப் பல்லைத் தொடும். துவாலைகள் அனைத்திலும் இன்ஜின் ஆயிலின் பெயர். சாப்பாட்டுத் தட்டுகள் இருமல் மருந்துக்காரர்கள் அனுப்பியவை. சாப்பிட்டு முடிக்கும் தறுவாயில் தட்டின் நடுவிலிருந்து ‘இருமலா?’ என்ற கேள்வி மெல்ல எழும்பி வரும். விருந்தாளிகள் சிலர் அந்த இடத்தில் இருமிவிடுவதும் உண்டு. இவை போக, பதினொரு குடை, ஆறு டார்ச் லைட், மூன்று வெவ்வேறு உயரத்தில் மூன்று நாற்காலி.

சரி, பற்பசை வாங்கியது காசில்லையா என்று கேட்பவர்களுக்கு அவரிடம் ஒரு கோட்பாடே இருந்தது. சரக்கு வேறு, சாமான் வேறு. சோப்பு, பிஸ்கட், பற்பசை எல்லாம் சரக்கு. தீர்ந்துபோகிறவை, கணக்கில் வராதவை. நாற்காலி, கடிகாரம் சாமான், நிலைத்து நிற்பவை. அந்தக் கடிகாரத்துக்காகக் குடும்பம் ஒரே வருடத்தில் நாற்பத்தெட்டு பற்பசை தீர்த்தது. அவருடைய மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும், பல் தேய்க்கும்போது பற்பசையை பிரஷ்ஷின் இரண்டு பக்கமும் வைப்பாளாம்.

தொழில் நுணுக்கத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரு கண் மீட்டரில் இருக்கும்போதே இன்னொரு கண் அந்த வீட்டுச் சமையலறைக் குப்பைக்கூடையை மேய்ந்துவிடும். “மீட்டர்காரர் வந்துட்டாரு, அந்த பிஸ்கட் கவரை எடுத்துவை” என்று பெண்கள் உள்ளே குரல் கொடுப்பார்கள். காலி உறைகளைத் தட்டி, மடித்து, ரீடிங் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார். ‘இந்தப் பொருளை நான் விரும்புகிறேன், ஏனென்றால்…’ என்று கம்பெனி பாதியில் விட்டுவைத்த வாக்கியத்தைப் பத்து வார்த்தைக்குள் முடித்து அனுப்புவதில்தான் அவருடைய மேதைமை. நடுவர்கள் மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் உறைகளைப் பிரிக்கிறார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆகவே ‘சுவை’, ‘தரம்’ என்ற சொற்களைக் கண்டால் அவர்களுக்குக் கொட்டாவி வரும். எதுகை மோனை வைத்தால் சந்தேகம் வரும். அம்மாவை இழுத்தால் ஒரு வருடத்துக்கு ஒரு முறைதான் இழுக்கலாம்.

இந்த உத்தியோகத்தில் ஒரே தொந்தரவு, மனிதருக்கு இருப்புக்கொள்ளாது. ஒரு போட்டிக்குக் கடைசித் தேதி நெருங்கும்போது இன்னொன்றுக்கு முடிவு வரவேண்டியிருக்கும். தபால்காரர் தெருமுனையில் திரும்பும் நேரத்துக்கு இவர் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருப்பார். சாப்பிடும்போது தொடை ஆடும். தொலைபேசி அடித்தால் முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டு, தவறான எண் என்று தெரிந்தாலும் “எந்தக் கம்பெனிங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.

இப்போது மெத்தைக்கு வருவோம்.

அவரும் மனைவியும் ஆறு வருடமாகப் படுத்தது பழரசக் கம்பெனி அனுப்பிய ஊதல் மெத்தையில். நீச்சல் குளத்தில் மிதக்கவிடுவதற்காகச் செய்தது அது. ஆரஞ்சுச் சுளையின் வடிவம், அதே நிறம். படுத்தால் உடம்பும் சுளைபோலவே வளையும். தினமும் சாயங்காலம் மீட்டர்காரர் கால்பம்பை மிதித்து ஊதுவார். விடியும்போது காற்றெல்லாம் போய் இருவரும் தரையில் கிடப்பார்கள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பகல் முழுக்க நடக்கிற ஆள், எங்கே விழுந்தாலும் தூங்குவார்.

மனைவிக்கு மருந்துத் தொழிற்சாலையில் வேலை. மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்க வேண்டும், முதுகு சாய இடமில்லாத ஸ்டூலில் எட்டு மணி நேரம். பகலில் ஸ்டூல், படுத்தால் சுளை என்று ஆறு வருடம் போனபிறகு, ஒருநாள் செருப்பு வாரை மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. இரண்டு பக்கத்து வீட்டார் கைகொடுத்துத்தான் ஆட்டோவில் ஏற்ற முடிந்தது. எதில் படுக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். மனைவி சொன்னார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு மீட்டர்காரரைப் பார்த்து, நல்ல கெட்டியான, சமமான மெத்தை உடனே வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை அறுவைச் சிகிச்சைக்குத்தான் வரவேண்டியிருக்கும், ஆறு மாதத்துக்கு நீண்ட நேரம் உட்காரவே கூடாது என்றார். தொழிற்சாலைக்காரர்கள் மனைவியை நின்று செய்யும் வேலைக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார்கள், ஆனால் ஒரு மாதத்துக்குள் நிமிர்ந்து வந்து நிற்க வேண்டும்.

“கடையில வாங்கிடலாம்ங்க.”

“ஒரு மாசம் பொறு. மெத்தை தானா வரும்.”

“நடந்து வருமா?”

“வேன்ல வரும்.”

ஆள் குருட்டு நம்பிக்கையில் பேசவில்லை. அந்த வாரம்தான் ஒரு தேயிலைக் கம்பெனி போட்டி அறிவித்திருந்தது. முதல் பரிசு, இரண்டு பேருக்கு ஒரு வாரத் தீவுச் சுற்றுலா, விமானத்தில். இரண்டாம் பரிசு, சுவரளவு டிவி. மூன்றாம் பரிசு பத்துப் பேருக்கு: முதுகுக்கு இதமான, டாக்டர்கள் சிபாரிசு செய்யும், கெட்டியான மெத்தை. அறிவிப்பைப் படித்தபோது அவருக்கு உடம்பு சிலிர்த்தது. தன் வீட்டு நிலவரம் தெரிந்தே கம்பெனி இதை நடத்துகிறது என்று பட்டது.

ஆகவே வரலாற்றில் முதல்முறையாக ஒரு மனிதர் மூன்றாம் பரிசுக்குக் குறிவைத்தார்.

இது லேசுப்பட்ட காரியம் அல்ல. நன்றாக எழுதுவது அவருக்குக் கைவந்த கலை. மோசமாக எழுதுவது எல்லாருக்கும் கைவந்த கலை. சரியாக மூன்றாம் இடத்தில் போய் நிற்கும் அளவுக்கு மட்டும் மோசமாக எழுதுவதற்குத்தான் பயிற்சி வேண்டும். கால் கிலோ பொட்டலத்துக்கு ஒரு கூப்பன் வீதம் இருபத்தைந்து கூப்பன் திரட்டினார். வீட்டில் தண்ணீர் கேட்டாலும் தேநீர்தான் வந்தது. ரீடிங் எடுக்கும் வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒரு வீட்டில் யூனிட்டுக்குப் பதிலாக ‘மணம்’ என்று எழுதி வைத்துவிட்டு வந்தார்.

மனைவி தரையில் விரித்த பாயில் படுத்தபடி ஒரு கூப்பனை வாங்கிப் படித்தார். ‘ஏனென்றால், நிறமும் மணமும் நண்பர்களைப்போலச் சேர்ந்தே வருகின்றன.’

“என்ன இவ்வளவு மட்டமா இருக்கு?”

“மூணாம் பரிசுக்கு இது போதும்.”

“இது முப்பதாம் பரிசுக்குக்கூட வராது. எனக்கு முதுகு வலிக்குதுங்க. உங்க கம்பெனிக்காரனுக்கு இல்ல, எனக்கு.”

அதோடு பேச்சு நின்றுபோனது. மறுநாள் காலையிலும் தொடரவில்லை. இருபத்துநான்கு கூப்பன் முடிந்து, கடைசியை முன்னால் வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார் மீட்டர்காரர். மனைவி ஒரு கையால் இடுப்பையும் மறு கையால் தேநீர்க் கோப்பையையும் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் கோப்பையை மேஜையில் வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

மீட்டர்காரரின் பேனா தானாக ஓடியது. ‘ஏனென்றால், சண்டை போட்ட நாளிலும் என் மேஜைக்கு அது சூடாகவே வந்திருக்கிறது.’

எழுதி முடித்தவுடனேயே தெரிந்துவிட்டது, இது ஆபத்தான வரி என்று. கிழித்துப் போட்டிருக்க வேண்டும். கூப்பனைக் கையில் எடுத்தார், வைத்தார், எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். அப்படி ஒரு வரி இருபத்திரண்டு வருடத்தில் அவருக்கு வாய்த்ததில்லை. கிழிக்கக் கை வரவில்லை. மற்ற இருபத்துநான்கோடு இதையும் சேர்த்து ஒட்டி, மனம் மாறுவதற்குள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டார்.

அதன் பிறகான பன்னிரண்டு நாட்களை அவர் உட்கார்ந்து கழித்ததாகச் சாட்சி இல்லை. பாயை விட்டு எழ மனைவிக்கு இப்போது இரண்டு தவணை வேண்டியிருந்தது: முதலில் முழங்காலுக்கு, அப்புறம் நாற்காலிக்கு. ஒவ்வொரு முறையும் இவர் கையைக் கொடுத்துவிட்டு, தபால் வந்ததா என்று பார்க்கப் போனார். நடுவர்களில் ரசனை கெட்டவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

பதின்மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. தேயிலைக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். தேன் ஒழுகும் குரல்.

“வாழ்த்துகள் சார். நீங்க முதல் பரிசு ஜெயிச்சிருக்கீங்க.”

மீட்டர்காரர் நாற்காலியைத் தேடினார். மூன்றில் ஒன்றும் கைக்கு எட்டவில்லை.

“முதலா?”

“முதல் பரிசு சார். எங்க நடுவர் ஒருத்தர் உங்க வரியைப் படிச்சுக் கண் கலங்கிட்டாராம்.”

“அவரை யாரும்மா கண் கலங்கச் சொன்னது? எனக்கு மூணாவது பரிசு குடுத்துடுங்க.”

அந்தப் பெண்ணின் பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித்தரப்படவில்லை. பரிசை மாற்றித் தரவோ, பிறருக்குக் கொடுக்கவோ, பணமாகத் தரவோ விதியில் இடமில்லை என்றாள். ஒரு மாதத்துக்குள் பயணம் போயாக வேண்டும், விமானத்தில் ஆறு மணி நேரம் என்றாள். அந்த விதிகளை இவர்தான் இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களுக்கு வரி பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தார். அதனால் வாதாட வழியில்லாமல் போயிற்று. பத்து மெத்தையில் ஒன்று மீந்தால் சொல்லும்படி கேட்டுக்கொண்டு தொலைபேசியை வைத்தார்.

மனைவி சுவரில் சாய்ந்து நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எந்த வரிக்கு?” என்றார்.

அவர் சொன்னார். மனைவி சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. “நல்லாத்தான் இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். பாயில் படுக்கும்போது வாயை மூடிக்கொண்டு எழுப்பிய ஒரு முனகல் கூடம்வரை கேட்டது.

செய்தி எப்படியோ மைத்துனருக்கு எட்டி, அவரும் பேசினார். தீவுக்குப் போக ஆளில்லை என்றால் சொல்லுங்கள் என்று ஆரம்பித்துவிட்டு, விஷயத்துக்கு வந்தார்.

“மாமா, அக்காவுக்கு நான் ஒரு மெத்தை வாங்கி அனுப்பறேன். என் காசு. நீங்க சொன்ன சொல்லுக்கும் ஒரு குறையும் வராது. கரண்டி மாதிரி இதுவும் சும்மா வந்ததுன்னு வெச்சுக்கங்க.”

யோசித்துப் பார்த்தால் அப்பழுக்கில்லாத ஏற்பாடு. மெத்தை வரும், பைசா செலவில்லை, பதினொரு பேருக்கு முன்னால் பேசிய பேச்சும் பங்கமில்லாமல் நிற்கும். மீட்டர்காரர் நாளைக்குச் சொல்வதாகச் சொன்னார். கூடத்தில் ஏழெட்டு முறை நடந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். மனைவி ஒருக்களித்துப் படுத்து, ஒரு காலை மடக்கியும் நீட்டியும், எந்தப் பக்கமும் வசப்படாமல் கண்ணை மூடிக் கிடந்தார். தொழிற்சாலை கொடுத்த மாதத்தில் ஆறு நாள்தான் பாக்கி.

அவர் தேயிலைக் கம்பெனிக்கு ஒரு கார்டு எழுதினார்: முதல் பரிசை ஏற்க இயலவில்லை, மன்னிக்கவும். மைத்துனருக்கு ஒரு வார்த்தையில் வேண்டாம் என்று சொன்னார். பிறகு அலமாரியைத் திறந்து, சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே போனார்.

மெத்தைக் கடையில் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பழக்கதோஷத்தில், ‘நான் இந்த மெத்தையை விரும்புகிறேன், ஏனென்றால்’ என்ற இடத்திலிருந்துதான் மனம் ஆரம்பித்தது. கடைக்காரர் படுத்துப் பார்க்கச் சொன்னார். படுத்தார், உடனே எழுந்தார். அப்படிப் படுத்தால் தெரியாது, ரெண்டு நிமிஷம் அசையாமல் படுங்கள் என்றார் கடைக்காரர். மீட்டர்காரர் மறுபடி மல்லாந்தார். தொடை ஆடியது. அதைக் கையால் பிடித்து நிறுத்தினார். முதுகின் அடியில் எங்கேயும் எதுவும் தொய்யவில்லை.

“எவ்வளவுங்க?”

பழக்கமில்லாத கேள்வி என்பதால் குரல் சரியாக எழவில்லை. இரண்டாம் முறை கேட்க வேண்டியிருந்தது. கடைக்காரர் சொன்ன தொகையைப் பேரம் பேசாமல் கொடுத்தார். பேரம் என்ற கலை அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை.

சாயங்காலம் இரண்டு ஆட்கள் மெத்தையை மாடிப்படியில் திருப்பித் திருப்பி ஏற்றிக் கொண்டுவந்து போட்டார்கள். மனைவி எழுந்து நின்றார்.

“கம்பெனிக்காரன் மனசு மாறிட்டானா?”

அவர் பிளாஸ்டிக் உறையைக் கிழிப்பதில் மும்முரமாக இருந்தார். “படு” என்றார்.

டாக்டரம்மா சொல்லித்தந்தபடி முதலில் உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து, கால்களைத் தூக்கி வைத்து, மெல்ல மல்லாந்து படுத்தார் மனைவி. ஒரு பெருமூச்சு வந்தது. நெற்றியில் இருந்த முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. மீட்டர்காரர் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டது. அவர் போகவில்லை.

வெகுநேரம் கழித்து, சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார்.

“இந்த பில்லைப் பத்திரமா எங்கயாவது வை. பத்து வருஷம் கேரண்டியாம்.”

மனைவி கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.