சுவரோரக் கட்டில்

பழைய பஞ்சுக் கிடங்கை இடிக்காமல் பெண்கள் விடுதியாக மாற்றலாம் என்று முடிவானதும் முதலில் ஆள் அனுப்பியது கொத்தனாருக்குத்தான். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். "கட்டடம் எவ்வளவு கிழடானாலும் நம்ம கை பட்டா குமரியாயிடும்" என்று ஜம்பமடிப்பார். வேலையில் மட்டும் யாரும் குறை சொன்னதில்லை.

மண்சாந்தில் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்புதான் பூச வேண்டும். சிமெண்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவரையே தின்றுவிடும். இது அவருக்குத் தெரியாததா? ஆனால் சுண்ணாம்பு சாவகாசமாகத்தான் காயும். மழையோ நெருங்கிவிட்டது. வேலை முடிந்ததும் முதல் இடம் அவர் மகளுக்கு என்று விடுதிக்கார அம்மா வாக்குக் கொடுத்திருந்தார். மகள் தினமும் பஸ் மாறி மாறி வேலைக்குப் போய் அரை உயிராகத் திரும்பிக்கொண்டிருந்தாள். கொத்தனார் பின்சுவர் முழுக்கச் சிமெண்டை இழுத்துவிட்டு, மேலே வெள்ளையடித்தார். யார் சுரண்டிப் பார்க்கப் போகிறார்கள்?

மகள் குடிபோனாள். அடைமழை பிடித்தது. ஒழுகும் குழாயைப் பார்க்கிற சாக்கில் அவள் அறைக்குப் போனவர், கட்டிலை ஒட்டியிருந்த பின்சுவரில் கை வைத்தார். உப்பியிருந்தது. தட்டினால் பொத்தென்றது.

"கட்டில இங்க போடாதம்மா. ஜன்னல் பக்கம் மாத்திக்கோ."

"ஏம்ப்பா?"

"சொன்னாக் கேளு. சளி பிடிக்கும்."

உண்மையைச் சொன்னால் பெயர் கெடும், மகளும் பெட்டியைத் தூக்க வேண்டும். மழை விட்டதும் ஓசைப்படாமல் உரித்துப் பூசிவிடலாம் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டார், பாவி மனுஷன்.

காலியான இடத்தில் அதே அறையில் இருந்த நர்ஸ் தன் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டுப் பகலில் தூங்குகிறவள். அந்த மூலை குளுகுளுவென்று இருக்கிறது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

ஒரு விடுமுறை நாள் மதியம் பின்சுவர் அப்படியே உள்ளே சரிந்தது. ஜன்னலோரம் படுத்திருந்த மகள்மேல் தூசிதான் விழுந்தது.

கொத்தனார் அலறியடித்து ஓடிவந்தபோது நர்ஸைத் துணியால் மூடியிருந்தார்கள். அருகில், அன்று அவளைப் பார்க்க வந்திருந்த பெற்றவள் உட்கார்ந்திருந்தாள். மகள் ஓடிவந்து அப்பாவின் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்க மட்டும் கட்டில மாத்தச் சொல்லலைன்னா, நான்தாம்ப்பா அங்க…"

பெற்றவள் நிமிர்ந்து பார்த்தாள். கத்தவில்லை.

"எம்பொண்ணுகிட்டயும் அந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருக்கக் கூடாதாய்யா?"

அவர் கண் இடிபாட்டில் கிடந்த சிமெண்ட் பாளத்துக்குப் போனது. தோளில் இருந்த மகளின் கை மெல்ல விலகியது.