நாலு பக்க வெளிச்சம்

அவருக்குப் பகல்விளக்கு என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. பொருத்தமாகத்தான் வைத்திருந்தான். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும், இடிக்கிற இயந்திரத்துக்கு இடது பக்கம் ஒரு விளக்கை நிறுத்தி, அதை எரியவிட்ட பிறகுதான் ரிமோட் பெட்டியை இடுப்பில் கட்டுவார். ஒரே ஒரு விளக்கு. இரண்டாவது கொண்டுவந்தால் வேண்டாம் என்பார்.

"மாமா, கரண்டை மிச்சம் பிடிச்சு முதலாளிக்கு மாளிகை கட்டப் போறீங்களா?" என்று மச்சான் கேலி செய்வான். மச்சான் அவர் மனைவியின் தம்பி. இயந்திரத்துக்குக் கரண்ட் கொண்டுவரும் தடித்த கேபிள் அதன் பட்டைச் சக்கரத்தில் சிக்காமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது அவன் வேலை. வாய் ஓயாத பிள்ளை. அவன் இல்லாத நாளில் வேலையிடம் இழவு வீடு மாதிரி இருக்கும்.

பகல்விளக்கு இளமையெல்லாம் கேஸ் கட்டிங்கில் கழித்தவர். புகையைக் குடித்து, நெருப்புத் துளியில் சட்டை ஓட்டையாகி, இரும்பின் மேலேயே தொங்கிக்கொண்டு அதை அறுத்தவர். இந்த இயந்திரம் வந்தபோது அவருக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஒரு லாரி நீளம் தள்ளி நின்றால் போதும். நெருப்பு இல்லை, பொறி இல்லை. நான்கு கால்களையும் தரையில் ஊன்றிக்கொண்டு, நீண்ட கையின் நுனியில் இருக்கும் தாடை உத்தரத்தைக் கவ்வும். எண்ணெய் அழுத்தம் ஏற ஏற இரும்பு முதலில் நசுங்கும், பிறகு மடியும், கடைசியில் படாரென்று ஒரு சத்தம். துண்டு தனியாக வந்துவிடும்.

ஒரே ஒரு நிபந்தனை. உத்தரம் தாடையின் அடிவாய் வரை உள்ளே போயிருக்க வேண்டும். நுனிப்பல்லால் கடித்தால் அறுபடாது, முறுக்கிக்கொண்டு நழுவும். பாரம் தாங்கி நிற்கிற உத்தரம் நழுவினால் யாரை அடிக்கும் என்று சொல்ல முடியாது.

இதில்தான் அவர் தலையெழுத்து விளையாடியது. ஒரு நாள் குளிக்கும்போது வலது கண்ணில் சோப்பு நுரை போயிற்று. அதை மூடினார். உலகமே இருட்டு. இடது கண் எப்போது அணைந்ததென்றே அவருக்குத் தெரியவில்லை.

"நரம்பு செத்துப்போச்சுங்க. போனது போனதுதான். இருக்கிற கண்ணையாவது பத்திரமா வெச்சுக்கோங்க" என்றார் டாக்டர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கண்ணும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஆனால் எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது போய்விட்டது. வீட்டில் தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்குப் பக்கத்தில் விழுந்தது. வேலையில் தாடை காற்றைக் கடித்தது.

"மூச்சு விடாதீங்க" என்றாள் மனைவி. "ஒத்தைக் கண்ணுக்கு எவன் ரிமோட்டைக் கையில குடுப்பான்? பொண்ணு படிப்பு முடியட்டும். என் தம்பிகிட்டயும் சொல்லிடாதீங்க. அவன் வாய் நிக்காது."

கம்பெனிக் கண் சோதனையில், நல்ல கண்ணால் பார்த்த எழுத்துகளை, இடது கண்ணின் முறை வந்தபோது அப்படியே ஒப்பித்துத் தப்பித்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு செய்யுளைக்கூட ஒழுங்காக ஒப்பிக்காத மனுஷன்!

அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டில் விளக்கு ஒரு பக்கம் எரிய, கையைச் சுவரை நோக்கிக் கொண்டுபோனார். கை நெருங்க நெருங்க நிழலும் எதிரே வந்தது. விரல் சுவரைத் தொட்டபோது நிழல் விரலோடு ஒட்டிக்கொண்டது. மறுநாள் முதல் இடது பக்கம் ஒரு விளக்கு. தாடையின் நிழல் உத்தரத்தின் மேல் விழும். அது எவ்வளவு மிச்சம் என்று பார்த்தே வாய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். டம்ளருக்கும் ஒரு வழி செய்துகொண்டார். சொம்பின் விளிம்பை டம்ளரின் விளிம்பில் முட்டவைத்து ஊற்றுவார். இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

பழைய காகித ஆலையின் கொதிகலன் கூடத்தை இடிக்கிற வேலை வந்தது. ஒரு காலையில் உள்ளே நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நாலு மூலையிலும் நாலு பெரிய விளக்குகள். கூடம் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. எந்த உத்தரத்தின் மேலும் நிழல் என்று ஒன்று இல்லை.

மச்சான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஓடிவந்தான். "எப்படி மாமா? சேஃப்டி ஆபீசர் கால்ல விழாத குறையா கெஞ்சி வாங்கினேன். அந்த ஒத்தை விளக்குல நீங்க கண்ணை இடுக்கி இடுக்கிப் பாத்துப் படுற பாடு எனக்குத் தெரியாதா?"

அவர் இடது மூலை விளக்கைக் கைகாட்டினார். "எனக்கு அந்த ஒண்ணு போதும்டா. மத்ததை அணைச்சிடு."

"அணைக்கக் கூடாதுங்க" என்றார் பின்னால் நின்ற சேஃப்டி ஆபீசர். "இனிமே நாலும் எரியணும். ரூல்."

"கண்ணு கூசுது சார்."

"கறுப்புக் கண்ணாடி தரச் சொல்றேன், போட்டுக்கோங்க."

சார், எனக்கு ஒரு கண்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது தொண்டை வரை வந்தது. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். மகள் முகம் கண்முன்னால் வந்தது. வார்த்தையை விழுங்கிவிட்டார். பாவி மனுஷன், வேறெதை விழுங்கியிருந்தாலும் செரித்திருக்கும்.

சின்னச் சின்னக் கம்பிகள் குத்துமதிப்பிலேயே அறுந்தன. சமாளித்துவிடலாம் போல இருக்கிறதே என்று கொஞ்சம் தைரியம்கூட வந்தது. அப்புறம் கூரையின் பாரத்தைத் தாங்கி நின்ற பெரிய உத்தரம். தாடையைத் திறந்து உள்ளே கொண்டுபோனார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. பாதி போயிருக்கிறதா, முழுதும் போயிருக்கிறதா? அவருக்குத் தெரியவில்லை.

"டேய், உள்ள போயிடுச்சாடா?" என்று கத்தினார்.

மச்சான் கேபிளைப் பிடித்தபடியே சிரித்தான். "என்ன மாமா, இத்தனை வெளிச்சத்துல என்னைக் கேக்குறீங்க? கண்ணு தெரியலையா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லி அவர் பிடியை அழுத்தினார்.

இரும்பு நசுங்கியது. ஆனால் மடியவில்லை, முறுக்கிக்கொண்டது. அந்த முனகலைக் கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தார். இயந்திரம் நின்றது. உத்தரத்துக்கு ரிமோட் ஏது? தாடையிலிருந்து நழுவி, ஒரு வீசு வீசி, மச்சான் வழக்கமாக நிற்கிற இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

விசாரணை நடந்தது. யாரும் அவர் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. "என்ன பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டார்கள். "சரியாத் தெரியலை சார்" என்றார். அது சத்தியமான உண்மை. வெளிச்சம் போதவில்லை என்று முடிவு செய்தார்கள். இனி ஆறு விளக்கு. "உங்க மேல தப்பில்லை. மனசைத் தேத்திக்கிட்டு திங்கக்கிழமை வந்துடுங்க" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார் சேஃப்டி ஆபீசர்.

ஆஸ்பத்திரியில் மச்சானின் படுக்கை ஜன்னலோரம் இருந்தது. நல்ல வெயில். போர்வை ஒரு பக்கம் தொடைக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. அவன் அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"மாமா, நீங்க மனசு விட்டுடாதீங்க" என்றான் அவன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "தப்பு என்னோடதுதான். கேட்டது கேட்டேன், ஆறாக் கேட்டிருக்கணும். நாலு பத்தலை."

அவர் மனைவியைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். சொல்லிவிடுங்கள் என்கிறாளா, சொல்லாதீர்கள் என்கிறாளா, அவருக்குப் பிடிபடவில்லை.

"ஆமாடா" என்றார். "பத்தலை."

"கொஞ்சம் தண்ணி குடுங்க மாமா."

அவர் சொம்பை எடுத்தார். விளிம்பை விளிம்பில் முட்டவைக்க மறந்துபோனார். தண்ணீர் டம்ளருக்கு ஒரு விரல் தள்ளி, மேஜையில் விழுந்து, படுக்கையில் வழிந்தது. அவர் இன்னும் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

மச்சான் தண்ணீரைப் பார்த்தான். டம்ளரைப் பார்த்தான். அப்புறம் அவருடைய கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"மாமா" என்றான் மெதுவாக. "இங்க வெளிச்சம் நல்லாத்தானே இருக்கு?"

அவர் சொம்பைக் கீழே வைத்தார்.

"அக்கா, உனக்குத் தெரியுமா?"

அவள் துணியை எடுத்துத் தண்ணீரைத் துடைத்தாள். தண்ணீர் காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். வாய் ஓயாத அந்தப் பிள்ளை அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் இருவர் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தான். ஊன்றித் திரும்பக் கால் இல்லை.