ஸுஹைபின் மணல் நடை

ஸுஹைப் என்ற பெயரை மபாஸா முதன்முதலில் கேட்டது கிணற்றடியில். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. வாளியை இறக்கிக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் பளீலா சாச்சி வந்து நின்றாள். மபாஸாவின் உம்மாவுக்கு நேர் இளையவள் இந்தப் பளீலா. கற்பிட்டியில் எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த வீட்டில் மாப்பிள்ளை என்று படுத்திருந்தபடியே சொல்லக்கூடியவள்.

"நெய்னார்ர இளைய மகன் ஸுஹைப். கோண நடை ஸுஹைப் எண்டு கேட்டா கடக்கரை முழுக்கச் சொல்லும்," என்றாள்.

மபாஸா சிரித்துவிட்டாள். கோணி நடக்கிறவனையா எனக்குத் தேடிப் பிடித்தீர்கள் என்று கேட்டாள். சாச்சிக்குச் சுள்ளென்று வந்தது. அது பிறவிக் கோணல் இல்லை என்றாள். படகைக் கரையில் விட்டுவிட்டு வரலாம், இஞ்சினை விட்டுவிட்டு வர முடியாது, களவு போய்விடும். நெய்னாருக்கு நெஞ்சுவலி வந்த பிறகு பதின்மூன்று வயதிலிருந்து அந்த இஞ்சினை வலது தோளில் தூக்கிக்கொண்டு மணலில் போய்வந்தவன் ஸுஹைப். தோள் அந்தப் பாரத்துக்கே பழகிவிட்டது. இஞ்சின் இல்லாத நேரத்திலும் இருப்பதுபோலவே நடந்தான்.

அடுத்த நாள் வேலிக்குள் நின்று பார்த்தாள். முகம் தெரியாத தூரம். வலது தோள் ஏறி, இடது கை உடம்பை விட்டு அகன்று வீச, ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் தணிந்து, இருந்து இருந்து எழும்பி ஓர் ஆள் வந்தான். முகம் பார்க்கும் முன்பே மபாஸாவுக்கு மனம் ஒத்துப்போனது.

கல்யாணத்தன்று அவனுக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டார்கள். வாழ்நாளில் போடாத சாமான். சப்பாத்துக்குள் கால் வேறு, ஆள் வேறாக அவன் நடந்ததைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டாரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதன்பிறகு அவன் சப்பாத்தைத் தொடவில்லை. கடல் குழம்பும் மாதங்களில் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போவான். பேக்கரிப் பாணைக் குழம்பில் தோய்க்காமல் வெறும் தேத்தண்ணீரில் தோய்த்துச் சாப்பிடுவான். கோபம் வந்தால் கதைக்காமல் கிழிந்த வலையைப் பொத்த உட்கார்ந்துவிடுவான். ஆறு வருஷம் இருந்தார்கள். பிள்ளை கிடைக்கவில்லை, அதற்காக அவளை ஒரு சொல் சொன்னதில்லை. பின்னேரம் தூரத்தில் அந்த நடையைக் கண்டவுடன் மபாஸா எழுந்துபோய்க் கேத்தலை அடுப்பில் வைப்பாள். அவன் முற்றத்துக்கு வரும்போது தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருக்கும்.

கடல் அவனை ஒன்றும் செய்யவில்லை. இஞ்சினுக்கு ஒரு சாமான் வாங்கப் பாலாவிப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போனான். லொறி அடித்தது.

அவன் ஜனாஸாவாக வீட்டுக்கு வந்ததும் ஸுஹைபுக்கு மூத்த நானா அத்தாஉல்லா அவனுடைய போனைக் கையில் எடுத்தார். மௌத்தாய்ப் போனவரின் அசைகிற படங்கள் இருக்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தார் பிடித்துக்கொண்ட ஒழுங்கு. நெய்னார் போனபோதும் அப்படித்தான் செய்தார்கள். அழித்துவிடட்டுமா என்று மபாஸாவிடம் கேட்டார். அவள் தலையாட்டினாள். கேட்டது அவள் காதில் விழவில்லை. அத்தாஉல்லா அழுதுகொண்டே ஒவ்வொன்றாக அழித்தார். அவளுடைய போனில் இருந்ததையும் அழித்தார்.

பிறகு, புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா. நாலு மாதமும் பத்து நாளும் உம்மா வீட்டு அறையில், வெள்ளை உடுப்போடு, ஜன்னலுக்குத் திரை போட்டு இருந்தாள். மூன்றாம் வாரத்தில்தான் போனில் அவன் அசைகிற படம் ஒன்றும் இல்லை என்பது அவளுக்கு விளங்கியது. அவனுடைய அடையாள அட்டைப் படம் இருந்தது. அந்த முகத்தை அவள் அவ்வளவாகத் தேடவில்லை. அவன் வருவதைத்தான் தேடினாள்.

அவளுடைய தம்பி ரிஃபாஸ், இருபத்தொரு வயது, கொம்பியூட்டரில் கேமுக்குப் பொம்மை அசைக்கப் பழகிக்கொண்டிருந்தான். வீடியோக்களைப் பார்த்துத் தானாகப் பழகியது. கொழும்பில் ஒரு கம்பெனி சோதனை வேலை ஒன்று கொடுத்திருந்தது: கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் நாட்டாமைக் கூலியாள் ஒருவனை நடக்க வைக்க வேண்டும். சரியாக வந்தால் வேலை. மத்தியானம் ளுஹர் தொழுத பிறகு ரிஃபாஸ் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ராத்தாவின் அறைக்கு வருவான். அவள் தனியே கிடக்கக் கூடாதென்று உம்மா சொல்லித்தான் வந்தான்.

"பாருங்க ராத்தா. நடக்குதுதானே?"

"மேசையில தள்ளிவிட்ட கோப்பை மாதிரிப் போகுது. பாரம் எங்கடா?"

"தோள்ல மூட்டை இரிக்கே."

"மூட்டை இரிக்கி. பாரம் இல்ல."

அவன் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தான். பொம்மையின் தலை கோடு போட்டதுபோல ஒரே மட்டத்தில் போனது. இரண்டு கையும் ஒரே அளவு வீசின. காலும் அதே பக்கத்துக் கையும் ஒன்றாக முன்னே வந்தன. மபாஸா ஒவ்வொன்றாகச் சொன்னாள். கால் விழும்போது உடம்பு ஒருதரம் தணிந்து இருக்க வேண்டும், முழங்கால் விட்டுக்கொடுக்க வேண்டும், பிறகுதான் எழும்ப வேண்டும். சுமக்கிற பக்கத்து இடுப்பு உள்ளே வர வேண்டும். சும்மா இருக்கிற கை அகன்று வீச வேண்டும், அதுதான் ஆளை விழாமல் பிடிக்கிறது. ஓர் அடிக்குப் பன்னிரண்டு படம் வைத்திருந்த ரிஃபாஸ், பாரம் என்றால் அடி மெல்ல விழும் என்று பதினாறாக்கினான்.

சொல்லி முடியாத இடம் வந்தபோது அவள் எழும்பினாள். பத்துக் கிலோ அரிசிப் பையை வலது தோளில் ஏற்றிக்கொண்டு சுவருக்குச் சுவர் நடந்தாள். அவள் நடக்கவில்லை, ஸுஹைப் நடந்தான். தேத்தண்ணீரோடு வாசலுக்கு வந்த உம்மா அதைக் கண்டு, கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

"இடக்கை மூடியா, தெறந்தா?" என்று ரிஃபாஸ் கேட்டான்.

மபாஸா நின்றாள். அவளுக்கு ஞாபகம் வரவில்லை. ஆறு வருஷம் பார்த்த கை. "மூடி," என்றாள்.

பதினொரு நாள் இருந்து செய்தார்கள். பன்னிரண்டாம் நாள் ரிஃபாஸ் ஓடவிட்டான். வலது தோள் ஏறி, இடது கை அகன்று, இருந்து இருந்து எழும்பி, லெப்டொப்பின் ஓரத்திலிருந்து ஓர் ஆள் வந்தான். மபாஸா எழுந்து குசினிக்குப் போனாள். கேத்தலில் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்தாள். அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் யாருக்கு வைக்கிறோம் என்று நினைத்தாள். உம்மா வந்து அடுப்பை அணைத்தாள்.

ரிஃபாஸ் கம்பெனிக்கு அனுப்பினான். நடை உயிரோடு இருக்கிறது, ஆனால் கால் நிலத்தில் வழுக்குகிறது, திருத்தி அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அக்காவும் தம்பியும் மாறி மாறிப் பார்த்தார்கள். வழுக்கல் ஒன்றும் தெரியவில்லை. ரிஃபாஸ் அதை உடப்பில் இருக்கிற கூட்டாளி டிலக்‌ஷனுக்கு அனுப்பிக் கேட்டான். டிலக்‌ஷன் கரைவலை இழுக்கிற வீட்டுப் பொடியன். அவனுக்கும் தெரியவில்லை. கம்பெனிக்காரருக்குக் கண்ணாடி மாற்றச் சொல்லு என்று எழுதினான்.

கடைசியில் ரிஃபாஸ் பஸ் நிற்கிற இடத்தில் சீமெந்துத் தரையில் போனை வைத்துப் போகிறவர் வருகிறவரின் காலைப் படம் பிடித்துக்கொண்டு வந்தான்.

"ராத்தா, சீமெந்தில நடக்கிறவங்கட கால் வெச்ச எடத்திலேயே நிக்கிது. எங்கட கால் மணல்ல பின்னால போகும், பொறகுதான் பிடிக்கும். நாங்க அதையே நடை எண்டு நெனச்சிட்டம். கம்பெனிட கேம்ல கல்லுத் தெரு."

வேலை அவனுக்கு வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மாற்று என்றாள். காலை வைத்த இடத்தில் நிற்க வைக்க ஒரு நாள் போதுமாக இருந்தது. புதியதை அவளுக்குக் காட்டினான்.

"நல்லா இரிக்கி," என்றாள். "ஆரோ ஒருத்தர் வாறார்."

ரிஃபாஸுக்கு அழுகை வந்தது. பழையதை அழிக்கவில்லை என்று சொல்லி அவளுடைய போனில் ஏற்றிக்கொடுத்தான். அந்த மாதமே வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போனான்.

இத்தா முடியும்வரை மபாஸா அதைப் பார்த்தாள். எட்டுச் செக்கன் நடை. முடிந்ததும் திரும்ப வரும். முதல் வாரங்களில் பொம்மைக்குள் ஸுஹைப் தெரிந்தான். போகப் போக, போனை வைத்துவிட்டுக் கண்ணை மூடினாலும் மண்ணிற முகமும் மூட்டையும் உள்ள அந்தப் பொம்மைதான் வந்தது. கிணற்றடியை நினைத்தாலும் வேலியை நினைத்தாலும் அதுதான் வந்தது. இடது கை மூடியபடி வந்தது.

இத்தா முடிந்து குளித்த அன்று அத்தாஉல்லாவின் மனைவி ஸுல்பிகா பார்க்க வந்தாள். அவன் நடக்கும்போது இடக்கை மூடியிருக்குமா, திறந்திருக்குமா என்று உங்கள் புருஷனிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றாள் மபாஸா. அத்தாஉல்லா ஒரு நாள் முழுக்க யோசித்துச் சொல்லி அனுப்பினார்:

"கவனிக்கல்லயே, தங்கச்சி. நான் கூடவே நடந்தவன். பக்கத்தில நடக்கிறவன் கையப் பாக்க மாட்டான்தானே."

அடுத்த நாள் பின்னேரம் மபாஸா கடற்கரைக்குப் போனாள். படகுகள் வந்திருந்தன. ஆண்கள் இஞ்சின்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு மணலில் வந்தார்கள். எல்லாருடைய காலும் பின்னால் போய்ப் பிடித்தது. ஒருவனும் அவனைப்போல நடக்கவில்லை. அங்கேயே போனை எடுத்து அந்த எட்டுச் செக்கனை அழித்தாள். பொம்மை போய்விட்டால் அவன் வருவான் என்று நம்பினாள்.

மனதை விட்டுப் பொம்மை போக ஒரு வருஷம் பிடித்தது. அவன் வரவில்லை. மபாஸா இப்போது உம்மாவோடு இருக்கிறாள், கருவாடு காயப்போடும் வாடியில் வேலைக்குப் போகிறாள். ரிஃபாஸ் லீவில் வந்தபோது, தன்னிடம் அது இன்னும் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள்.

பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை; ரிஃபாஸ் சொல்லித்தான் அவளுக்கு இடம் தெரியும். ஸுஹைப் பள்ளிவாசல் மையவாடியில், மேற்கு மதில் ஓரம், நெய்னாருக்குப் பக்கத்தில் அடக்கப்பட்டிருக்கிறான்.