தண்டோராக்காரர் கேட்காத தண்ணீர்

மாதனூர் பக்கம் எங்கள் தெருவுக்குத் தண்டோரா போட வருபவர் ஒல்லியான ஆள். கத்தும்போது கண்களை இறுக மூடிக்கொள்வார். கத்தி முடித்ததும் எங்கள் வாசலில் ஒரு சொம்பு ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். அது அவர் வழக்கம்.

தொண்ணூறுகளில் ஒரு காலை, தமுக்கை அடித்துவிட்டு, "தோல் பேக்டரி கழிவு கலந்துடுச்சாம்! ஊர்க் கிணத்துத் தண்ணிய யாரும் குடிக்காதீங்கோ!" என்று கத்தினார்.

இடுப்பில் குழந்தையோடு ஓடினேன். "இப்பத்தானே பாப்பாவுக்குக் குடுத்தேன்! எத்தினி நாளா கலக்குதுண்ணா?"

"எனக்குச் சொல்லச் சொன்னது அவ்ளோதாம்மா."

அதைச் சொல்லும்போதும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. தண்ணீர் கேட்காமல் அடுத்த தெருவுக்கு நடந்தார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. போன வாரம் வீட்டு வரிக்குத் தண்டோரா போட வந்தபோதும் அவர் தண்ணீர் கேட்கவில்லை.