கவசத்துக்கு ஓர் உள்சட்டை

தைக்கிறவர்களுக்கு ஊசி குத்துவது பழகிவிடும். உடுப்பைப் போட்டவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவது மட்டும் பழகாது. என்னைப்போல வீட்டுக் கராஜில் மெஷின் வைத்திருக்கும் சகோதரிகளே, நான் பட்ட வெட்கத்தைக் கேளுங்கள்.

பேட் வைத்த உடுப்பு

கடல் தாண்டி வந்து குடியேறிய தகனினியில் சாரி பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்த எனக்கு ஸ்கொட் என்ற பிளம்பர் போன் எடுத்தார். பேட் வைத்துத் தைப்பீர்களா என்று கேட்டார். மனைவிக்கு என்று நினைத்து ஓம் என்றேன். சனிக்கிழமை அவர் தனியாக வந்தார், கதவு நிறைந்த ஆள். நான் பிளவுஸுக்குள் வைக்கும் பேட்களைச் சின்னது, பெரியது என்று மேசையில் பரப்பினேன்.

அவர் அவற்றைப் பார்த்தார், தன் நெஞ்சைப் பார்த்தார், பிறகு போனில் ஒரு படம் காட்டினார். அந்தக் கால ஐரோப்பியப் போர்வீரர்கள் இரும்புக் கவசத்துக்குள் போட்ட, பஞ்சு அடைத்த தடித்த கோட். அவரும் நண்பர்களும் பொழுதுபோக்குக்கு அதே மாதிரிக் கவசம் போட்டு வாள்சண்டை பிடிப்பார்களாம். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவர் சிரிக்காமல் சொன்னார்: "எனக்கு இதைவிடக் கொஞ்சம் பெரிய பேட் வேணும், ரெஜினா."

நேரான தையல்

வெளியே லினன், உள்ளே பஞ்சு, நெருக்க நெருக்கமாகத் தையல் கோடுகள். எல்லாம் அந்தக் காலத்தில் இருந்தபடியே வேண்டும் என்றார். துணிக்கு நகரத்தின் மறுமுனையில் இருக்கும் வெஸ்ட்கேட் வரை அலைந்தேன். கோடுகளை மெஷினில் ஓடவிட்டேன், ஒன்றுகூட வளையவில்லை. அவர்கள் குழுவில் உடுப்புகளைச் சரிபார்க்கும் ஹெலன் என்ற பெண்ணை ஸ்கொட் கூட்டிவந்தார். நல்லதாக நாலு வார்த்தை சொல்லுவா என்று காத்து நின்றேன். அவ கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னா: "நல்ல வடிவான தையல், ஆனா அறுநூறு வருசம் பிந்திப்போச்சு."

கொடியில் தொங்கியது

அவ்வளவு தையலையும் பிரித்துக் கையால் திரும்பத் தைத்தேன். அடையாளத்துக்குப் போட்ட சோக்குக் கோடுகளை ஈரத்துணியால் துடைத்து, கோட்டைக் கொடியில் காயவிட்ட அன்று பார்த்து எங்கள் கோயில் பிலோமினா அக்கா வந்தா. "இதென்ன பிள்ளை, மெத்தையோ?" என்று கேட்டா. வாள்சண்டைக்காரருக்குத் தைக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. என் கணவர் எல்லர்ஸ்லியில் ஒரு கந்தோருக்கு டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர். நாளைக்கே ஊர் முழுக்கக் கதை போய்விடும். குளிர் கோட் என்றேன். அக்கா அதை அமத்திப் பார்த்துவிட்டுப் போனா. ஞாயிறு பூசை முடிய, எல்லாருக்கும் முன்னால் என் கையைப் பிடித்தா: "எங்கட இவருக்கும் அந்த மெத்தைக் கோட் ஒண்டு தைச்சுத் தாரும் பிள்ளை, மனுசன் ஹீட்டர் போட விடுறாரில்லை."

முதல் சண்டை

ஸ்கொட்டின் முதல் சண்டை ஒரு பூங்காவில் நடந்தது. என்னையும் என் கணவரையும் கூப்பிட்டிருந்தார். அவருடைய வயதான அப்பா மடக்குக் கதிரையைப் போட்டு முன்வரிசையில் இருந்தார். கோட்டுக்கு மேல் இரும்பை ஏற்றிக்கொண்டு வந்த ஸ்கொட் வாளைத் தூக்கினார். கை தோள் மட்டத்துக்கு மேல் எழும்பவில்லை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிளவுஸுக்கு எடுப்பதுபோல, கையைத் தொங்கவிட்டு நிற்கச் சொல்லி அளவெடுத்திருக்கிறேன். போட்டுப் பார்த்தபோதும் இரண்டு பேரும் கண்ணாடிக்கு முன்னால் நேராக நின்று பார்த்தோமே தவிர, கையைத் தூக்கிப் பார்க்கவில்லை. எதிராளி அடித்துக்கொண்டே இருந்தார். ஸ்கொட்டால் ஓங்கவும் முடியவில்லை, தடுக்கவும் முடியவில்லை. அப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். நான் என் கணவரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

நடுவர் நிறுத்தியதும் ஸ்கொட் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு நேரே என்னிடம்தான் வந்தார். மூச்சு வாங்க, கோட்டைத் திறந்து விலாவைக் காட்டினார். ஒரு கீறல் இல்லை. "உங்கட கோட் என்னைக் காப்பாத்தினது ரெஜினா, அடிக்க மட்டும்தான் விடேல்லை."

இப்போது அளவுக்கு வருகிற எல்லாரையும், கலியாணப் பிளவுஸுக்கு வருகிறவர்களையும்கூட, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்கிறேன். ஏன் என்று கேட்டால் மட்டும் டேப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்கிறேன்.